போட்டி முடிந்த பிறகு ஒரு ஸ்கேட்டர் என்ன செய்வாள்?

கேள்வி: நாங்கள் கனடாவில் மிஸிசாகாவில் இருக்கிறோம். என் மகளுக்கு 19 வயது. ஆறு வயதில் ஃபிகர் ஸ்கேட்டிங் ஆரம்பித்து, மாகாண அளவிலான போட்டிகள் வரை போனாள். இடுப்பில் வந்த காயத்தால் சென்ற ஆண்டு போட்டிகளை விட்டுவிட்டாள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இப்போது படிப்பை நிறுத்திவிட்டு "கோச் ஆகப் போகிறேன், நடிக்கப் போகிறேன், டிவியில் வர்ணனை செய்யப் போகிறேன்" என்கிறாள். கேட்டால் கரோல் ஹைஸ், டிக் பட்டன் என்று நான் கேள்விப்படாத பெயர்களாகச் சொல்கிறாள். என் கணவர் "பதின்மூன்று வருஷமாகப் பணத்தை ஐஸில் கரைத்தாச்சு, போதும்" என்று சொல்லிவிட்டு அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். ஒரே ஆளால் இத்தனையும் செய்ய முடியுமா? நான் யார் பக்கம் நிற்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் வாய்க்கு வந்த பெயர்களைச் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர்கள், போட்டியை விட்ட பிறகு வேறு வேறு வேலைகளில் பெயர் எடுத்தவர்கள். ஆனால் அவள் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறாள் என்று நினைக்கிறேன். நடுவில் எத்தனை வருடம் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் மீதிப் பாதி. அதைத் தெரிந்துகொண்டு அவளோடு உட்கார்ந்து பேசுங்கள்.

கரோல் ஹைஸ் நியூயார்க்கில் குவீன்ஸ் பக்கம் வளர்ந்தவர். 1953இல் பெண்களிலேயே முதன்முதலாக டபுள் ஆக்சல் (இரண்டரைச் சுற்றுத் தாவல்) போட்டவர். அடுத்த வருடம் பயிற்சியின்போது சொந்தத் தங்கையோடு மோதி, தங்கையின் பிளேடு காலைக் கிழித்து, தசைநார் வெட்டுப்பட்டது. அந்த ஆண்டு உலகப் போட்டிக்கு அவரால் போக முடியவில்லை. காயத்தோடு உட்கார்ந்திருக்கும் உங்கள் மகளுக்கு இந்தப் பகுதி கட்டாயம் தெரிந்திருக்கும். 1956இல் கோர்டினா ஒலிம்பிக்கில் வெள்ளி. தங்கம் டென்லி ஆல்பிரைட்டுக்குப் போனது. அந்த ஆண்டு உலகப் போட்டியில் ஹைஸ் அதே ஆல்பிரைட்டைத் தோற்கடித்தார்.

அப்போது அவருடைய அம்மாவுக்குப் புற்றுநோய். ஐஸ் ஷோ கம்பெனிகள் பணத்தோடு வந்து அழைத்தன. அந்தக் காலத்தில் ஷோவில் ஆடிக் காசு வாங்கினால் ஒலிம்பிக்கை மறந்துவிட வேண்டியதுதான். ஒலிம்பிக் தங்கம் வாங்குவேன் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்ததால் ஹைஸ் போகவில்லை. அம்மா 1956 அக்டோபரில் இறந்துபோனார். மகள் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே பயிற்சியைத் தொடர்ந்தார். (படித்துக்கொண்டே என்பதை உங்கள் மகளுக்கு ஒரு முறை சத்தமாகவே படித்துக் காட்டலாம்.) 1960இல் ஸ்குவா வேலி ஒலிம்பிக்கில் ஒன்பது நடுவர்களும் அவருக்கே முதலிடம் கொடுத்தார்கள். உலகப் பட்டம் 1956 முதல் 1960 வரை ஐந்து முறை தொடர்ந்து அவரிடம்தான் இருந்தது.

அப்புறம்தான் சினிமா. ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் அவரைக் கதாநாயகியாகப் போட்டு 1961இல் 'ஸ்னோ வைட் அண்ட் த த்ரீ ஸ்டூஜஸ்' என்ற வண்ணப் படத்தை எடுத்தது. பெரிய செலவு, எதிர்பார்த்த வசூல் வரவில்லை. அவர் நடித்த ஒரே படம் அதுதான். இத்தனைக்கும் அந்தக் கம்பெனி ஸ்கேட்டர்களை நம்பாத கம்பெனி இல்லை. மூன்று ஒலிம்பிக் தங்கமும் பத்து உலகப் பட்டமும் வாங்கிய நார்வேயின் சோன்யா ஹெனியை வைத்து 1936 முதல் வரிசையாகப் படங்கள் எடுத்துச் சம்பாதித்தவர்கள். ஹெனிக்கு நடந்தது ஹைஸுக்கு நடக்கவில்லை. தங்கப் பதக்கம் அவரை ஸ்டூடியோ வரை கொண்டுபோய் விட்டது, அவ்வளவுதான். உள்ளே போனபின் என்ன ஆகும் என்பது வேறு கணக்கு.

ஹைஸ் 1960இலேயே ஹேஸ் ஆலன் ஜென்கின்ஸைத் திருமணம் செய்துகொண்டிருந்தார். அவரும் 1956இல் தங்கம் வாங்கிய ஸ்கேட்டர், பிறகு வழக்கறிஞர். ஒஹையோவில் ஆக்ரன் நகரில் குடியேறி மூன்று பிள்ளைகளை வளர்த்தார்கள். கரோல் மறுபடி ஐஸில் இறங்கிச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியில். நடுவில் பதினைந்து வருடத்துக்கு மேல் ஓடிப்போய்விட்டது. பத்திரிகையில் "சாம்பியன், நடிகை, கோச்" என்று ஒரே வரியில் எழுதும்போது அந்தப் பதினைந்து வருடமும் காணாமல் போய்விடுகிறது.

கோச்சாக அவர் செய்த வேலைதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியதாகத் தெரிகிறது. கிளீவ்லண்ட் பக்கத்தில் லேக்வுட் என்ற ஊரில் வின்டர்ஹர்ஸ்ட் ரிங்க் (ஸ்கேட்டிங் அரங்கம்). டோனியா குவியட்கோவ்ஸ்கி, டிமதி கோபல் எல்லாம் அங்கே அவரிடம் கற்றவர்கள். 1998இல் கோபல் உலகத்திலேயே முதல் ஆளாகப் போட்டியில் குவாட் சால்கோவ் போட்டார். அமெரிக்கர் ஒருவர் போட்டியில் போட்ட முதல் நான்கு சுற்றுத் தாவலும் அதுதான். ஆனால் 2000இல் கோபல் கலிபோர்னியாவுக்கு, ஃபிராங்க் கேரல் என்ற கோச்சிடம் போய்விட்டார். 2002 ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியபோது பக்கத்தில் இருந்தவர் கேரல். கோச் வேலையில் இது சகஜம். சின்ன வயதிலிருந்து நீங்கள் உருவாக்கிய பிள்ளை, பதக்கம் வாங்கும் நேரத்தில் வேறு ஒருவரின் மாணவனாக இருப்பான். அதைத் தாங்கிக்கொண்டு மறுநாள் காலை ஆறு மணிக்கு அடுத்த பிள்ளைக்கு ஒன்றரைச் சுற்று ஆக்சல் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதற்கு மனசு இருக்கிறதா என்று மகளிடம் கேளுங்கள்.

வர்ணனைக்கு வருவோம். ஹைஸ் தங்கம் வாங்கிய அதே ஸ்குவா வேலியில் சிபிஎஸ் டிவிக்காக ஸ்கேட்டிங் வர்ணனை செய்தவர்தான் உங்கள் மகள் சொன்ன டிக் பட்டன். 1948இலும் 1952இலும் தங்கம். முதல் முறை, உலகிலேயே போட்டியில் போடப்பட்ட முதல் டபுள் ஆக்சல்; இரண்டாம் முறை, முதல் ட்ரிபிள் (மூன்று சுற்றுத்) தாவல். ஹார்வர்டில் சட்டம் படித்தார், ஐஸ் ஷோவில் ஆடினார், டிவி நாடகத்திலும் சினிமாவிலும் தலைகாட்டினார். ஆனால் மக்கள் நினைவில் நின்றது அவருடைய குரல்தான். பல பத்தாண்டுகள் ஏபிசி டிவியில் பேசினார், 1981இல் எம்மி விருது வாங்கினார். கூடவே நிகழ்ச்சி தயாரிப்பு நிறுவனமும் நடத்தினார். 2025 ஜனவரியில் 95 வயதில் இறந்துபோனார்.

அவர் செய்தது என்ன? பார்ப்பவருக்குப் புரியாத ஒரு விளையாட்டைப் புரிய வைத்தார். அந்த வேலை ஏன் தேவைப்பட்டது என்பதற்கு 1972 சப்போரோ ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இசைக்கு ஆடும் பகுதியில் எல்லோர் மனதையும் அள்ளியவர் ஜேனட் லின். தங்கம் வாங்கியவர் ஆஸ்திரியாவின் டிரிக்ஸி ஷூபா. காரணம், ஐஸில் வட்டம் வட்டமாகக் கோடு வரையும் கட்டாயப் பகுதியில் ஷூபாவை நெருங்க யாருமில்லை. அந்தப் பகுதியை டிவி ரசிகர்கள் பெரும்பாலும் பார்த்ததே கிடையாது. பார்க்காத ஒன்றால் பதக்கம் முடிவானதை வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு விளக்க வேண்டியது வர்ணனையாளரின் தலையில்தான் விழுந்தது. (அந்த வட்டப் பகுதி 1990க்குப் பிறகு பெரிய போட்டிகளில் இல்லை.)

உங்கள் மகளுக்கு இதில் ஒரு முதலீடு இருக்கிறது. லட்ஸ் தாவலுக்கும் ஃபிலிப் தாவலுக்கும் உள்ள வித்தியாசம் இடது பிளேடின் வெளி விளிம்பிலிருந்து எழும்புகிறாளா, உள் விளிம்பிலிருந்தா என்பது மட்டும்தான். வலமாகச் சுற்றுகிறவர்களுக்குக் கால் மாறும். ஆக்சல் மட்டும் முன்னோக்கி எழும்பும் தாவல், அதனால் ட்ரிபிள் ஆக்சல் என்றால் மூன்றரைச் சுற்று. இதெல்லாம் காற்றில் ஒரு நொடி கூட நிற்காது. முடிந்தபின் யோசித்துச் சொல்ல நேரமில்லை, நுழையும்போதே தெரிந்திருக்க வேண்டும். பதின்மூன்று வருடம் ஆடியவளுக்கு அது உடம்பிலேயே இருக்கும். ஆனால் அதை இரண்டே வார்த்தையில், ஸ்கேட்டிங் பார்த்தே இராத ஒருவருக்குச் சொல்லத் தெரிய வேண்டும், காதில் தயாரிப்பாளர் வேறு பேசிக்கொண்டிருக்கும்போது. அதைவிட முக்கியம், இசை ஓடும்போது வாயை மூடிக்கொண்டு இருக்கவும் தெரிய வேண்டும். எத்தனையோ வர்ணனையாளர்களுக்கு இன்று வரை அது வரவில்லை.

நாற்காலிகளும் மிகக் குறைவு. ஒரு சேனலுக்கு இரண்டு பேர், மூன்று பேர். அவர்களும் பெரும்பாலும் ஒலிம்பிக்கில் ஆடியவர்கள். டாரா லிபின்ஸ்கி 15 வயதில் 1998 நகானோ தங்கத்தை வென்றவர். அவருக்கும் இடுப்பில்தான் பிரச்சினை, 2000இல் அறுவை சிகிச்சை நடந்தது. டிவி தொடர்களில் சின்னச் சின்ன வேடங்கள் செய்தார். முன்னாள் ஸ்கேட்டர் ஜானி வியரோடு சேர்ந்து அவர் வர்ணனையில் பெரிய பெயர் வாங்கியது 2014 சோச்சி ஒலிம்பிக்கில். அப்போதும் என்பிசியின் முதன்மைச் சேனலில் இடம் கிடைக்கவில்லை. துணைச் சேனலில் பகல் நேரத்தில்தான் உட்கார வைத்தார்கள். அங்கே ரசிகர்களுக்குப் பிடித்துப்போய்த்தான் அந்த ஆண்டின் பிற்பகுதியில் முதன்மை இடம் வந்தது. தங்கத்துக்கும் அந்த நாற்காலிக்கும் நடுவே பதினாறு வருடம்.

நடிப்பைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஒலிம்பிக் பதக்கம் எதுவும் இல்லாத லின் ஹாலி ஜான்சன் 1978இல் ஒரு ஸ்கேட்டிங் படத்தில் கதாநாயகியானார், 1981இல் ஜேம்ஸ் பாண்ட் படத்தில் நடித்தார். எனவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நடிப்பு தனித் தொழில், அதற்குத் தனிப் படிப்பு வேண்டும். உங்கள் மகள் இதுவரை ஒரு நாடகத்திலாவது மேடை ஏறியிருக்கிறாளா? கடிதத்தில் அது இல்லை. இல்லையென்றால் பல்கலைக்கழக நாடகக் குழுவில் சேரட்டும், பிடிக்கிறதா என்று அவளுக்கே தெரிந்துவிடும். ஸ்கேட்டிங் தெரிந்தவர்களுக்கு நடிப்புக்கு மிக அருகில் இருக்கும் இடம் ஐஸ் ஷோதான். இடுப்புக் காயத்தோடு தினம் ஷோ ஆடுவதை எந்த மருத்துவரும் ஒப்புக்கொள்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்போது உங்கள் ஊருக்கு வருகிறேன். இத்தனை பெரிய பெயர்களைத் தேடி அமெரிக்கா வரை போக வேண்டியதே இல்லை. மிஸிசாகாவிலிருந்து காரில் போகும் தூரத்தில் டொராண்டோ கிரிக்கெட், ஸ்கேட்டிங் அண்ட் கர்லிங் கிளப் இருக்கிறது. (பெயரில் கிரிக்கெட் முதலில் வருகிறது, இதை உங்கள் கணவரிடம் சொன்னால் பேச்சுக்கு ஒரு வழி பிறக்கலாம்.) அங்கே பயிற்சி கொடுப்பவர்களில் டிரேசி வில்சன் ஒருவர். 1988 கால்கரியில் ராப் மெக்காலோடு சேர்ந்து ஐஸ் டான்ஸில் வெண்கலம் வாங்கினார். அந்தப் பிரிவில் கனடாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. மூன்று வருடத்தில் மெக்கால் எய்ட்ஸ் நோயால் இறந்துவிட்டார். ஜோடியாக ஆடுபவருக்கு ஜோடி போய்விட்டால் என்ன மிஞ்சும்? வில்சன் வர்ணனைக்குப் போனார். சிபிஎஸ் டிவியில் ஸ்காட் ஹாமில்டன், வெர்ன் லண்ட்குவிஸ்ட் இருவரோடும் 1990களில் மூன்று குளிர்கால ஒலிம்பிக்கில் பேசினார். பிறகு கனடாவிலும் தொடர்ந்தார். 2006இல் பிரையன் ஓர்சரோடு சேர்ந்து அந்த கிளப்பில் பயிற்சியைத் தொடங்கினார்.

ஓர்சரும் அப்படித்தான். 1984இலும் 1988இலும் வெள்ளியோடு நின்றவர், இரண்டாவது முறை தங்கம் தவறியது மயிரிழையில். 1990இல் காத்தரினா விட்டோடும் பிரையன் பாய்டானோவோடும் ஐஸில் ஆடிய ஒரு 'கார்மென்' படத்துக்காக எம்மி விருது வாங்கினார். கோச்சாக அவருடைய மாணவி கிம் யூனா 2010இல் தங்கம் வாங்கினார். 2014இலும் 2018இலும் ஹன்யூ யுசுரு வாங்கினார். தனக்குக் கிடைக்காத தங்கம் மாணவர்கள் கழுத்தில் மூன்று முறை விழுந்தது. ஆனால் வில்சன் அங்கே என்ன சொல்லிக்கொடுக்கிறார் தெரியுமா? தாவல் இல்லை. ஐஸைத் தள்ளி வேகம் எடுப்பது, விளிம்பில் சாய்வது, திரும்புவது. அடிப்படை. உலக சாம்பியன்களும் வரிசையாக நின்று அதைச் செய்வார்கள்.

சரி, என்ன செய்வது? என் கருத்து இது. மூன்று ஆசைகளில் கோச் வேலை மட்டும் இப்போதே கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, அதற்குப் பதக்கமும் வேண்டியதில்லை. ஸ்கேட் கனடா அமைப்பில் குழந்தைகளுக்கான 'கேன்ஸ்கேட்' வகுப்புகளில் உதவியாளராகப் பெரிய பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வார்கள். ஒருவேளை அவள் ஏற்கெனவே செய்திருப்பாள். அதற்கு மேல் கேன்ஸ்கேட் கோச், ரீஜனல், புரொவின்ஷியல், நேஷனல் என்று சான்றிதழ் படிகள் இருக்கின்றன. முதலுதவிச் சான்று, காவல்துறைப் பின்னணிச் சோதனை எல்லாம் கேட்பார்கள். சம்பளம் பெரும்பாலும் பாடத்துக்கு இவ்வளவு என்றுதான், மாதச் சம்பளம் கிடைப்பது அரிது. இதை அவள் கண்ணால் பார்த்து, தான் கற்றுக்கொண்ட கோச்சிடமே மனம்விட்டுக் கேட்கட்டும்: ஒரு மாதத்தில் கைக்கு என்ன வரும், கோடையில் என்ன ஆகும் என்று.

படிப்பை நிறுத்த வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. ரிங்கில் பிள்ளைகள் வருவது பள்ளிக்கு முன் விடியற்காலை, பள்ளி விட்டபின் மாலை, அப்புறம் சனி ஞாயிறு. பல்கலைக்கழக வகுப்புகள் பெரும்பாலும் பகலில். இரண்டும் ஒன்றோடொன்று இடிக்காது. களைப்பு இருக்கும், ஆனால் அந்தக் களைப்பு அவளுக்குப் பழகியதுதானே. பாடத்தை மாற்ற ஆசைப்பட்டால் மாற்றட்டும். உடல் இயக்கவியலோ இதழியலோ படித்தால் மேலே சொன்ன எதற்கும் உதவும். இடுப்பைப் பற்றி மட்டும் பிசியோதெரபிஸ்ட்டிடம் முன்கூட்டியே கேளுங்கள். கோச் தாவுவதில்லை, ஆனால் குளிரில் மணிக்கணக்காக பிளேடு மேல் நிற்கிறார்.

வர்ணனைக்கும் சின்ன வாசல்கள் உண்டு. உள்ளூர்ப் போட்டிகளில் பெயர் அறிவிக்க ஆள் தேடிக்கொண்டே இருப்பார்கள். அதோடு, நடுவர்களுக்கு உதவும் மதிப்பெண் பதிவு வேலைக்குப் பயிற்சி எடுக்கலாம். 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் நடந்த நடுவர் ஊழலுக்குப் பிறகு மதிப்பெண் முறையே மாறிவிட்டது. ஒவ்வொரு தாவலுக்கும் அடிப்படைப் புள்ளி, அதன் மேல் தரத்துக்குக் கூட்டலோ கழித்தலோ ஐந்து படி வரை. இதை உள்ளிருந்து கற்றவர்தான் டிவியில் தெளிவாகப் பேச முடியும். வீட்டில் பழைய போட்டிகளைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, தானே பேசிப் பதிவு செய்து, உங்களிடம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரிந்தால் அவளுக்குத் திறமை இருக்கிறது.

உங்கள் கணவர் விஷயம். ஐஸ் நேரம், கோச் கட்டணம், பூட்ஸ், பிளேடு, உடை, பயணம் என்று எவ்வளவு போயிருக்கும் என்று எனக்குத் தெரியும், அவர் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பணம் போனது போனதுதான். மகள் இன்ஜினியர் ஆனாலும் திரும்பி வராது. இனி ஆகும் செலவைப் பற்றி மட்டும் பேசுங்கள், அதில் அவர் கண்டிப்பாக இருக்கட்டும். கோச் சான்றிதழ் செலவை மகளே உழைத்துக் கட்டலாம். அவருக்கு ஒரு கதையும் சொல்லுங்கள். கியூபெக்கின் ஜோனி ரோஷெட், 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில், அம்மா திடீரென இறந்து சில நாட்களுக்குள் ஐஸில் இறங்கி வெண்கலம் வாங்கியவர். பத்து வருடம் கழித்து, 2020இல், மெக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படிப்பை முடித்து டாக்டரானார். டாக்டர் என்ற சொல் நம் வீடுகளில் எப்படி வேலை செய்யும் என்று உங்களுக்கே தெரியும்.

நான் யார் பக்கம் நிற்பது என்று கேட்டீர்கள். படிப்பைத் தொடர்வதில் அப்பா பக்கம், ரிங்குக்குத் திரும்புவதில் மகள் பக்கம் நில்லுங்கள். ஆனால் அதற்கு முன்னால் மகளிடம் தனியாக ஒன்று கேட்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் விழுந்து எழுவதைப் பார்க்க அவளுக்கு நிஜமாகவே பிடிக்கிறதா, இல்லை ரிங்கை விட்டு வெளியே போகப் பயமாக இருக்கிறதா? இரண்டாவது என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆறு வயதிலிருந்து அவளுக்கு அதுதான் வீடு. ஆனால் அப்போது அவளுக்கு வேண்டியது கோச் சான்றிதழ் இல்லை, விளையாட்டு வீரர்களோடு பழகிய ஒரு மனநல ஆலோசகர். பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு ஆலோசகர்கள் இருப்பார்கள், அங்கே தொடங்குங்கள்.

புதிய சீசனுக்கு கிளப்புகள் செப்டம்பரில் ஆள் எடுக்கும். கோடையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.